ராத்தாவுக்கு ஒரு கைக் கிளச்

பாலத்தின் ஏற்றத்தில் பச்சைக் கார் நின்றுகொண்டிருந்தது. பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் ராத்தா, எனக்கு மூத்த அக்கா. பக்கத்து ஆசனத்தில், மடியில் தாள்களை வைத்துக்கொண்டு, சாரதி அனுமதிப்பத்திரப் பரிசோதகர்.

நான் கீழே ரோட்டோரத்துப் பூவரச மரத்தடியில் நின்றேன். காலை வெயில்தான். இருந்தும் சேர்ட் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஏற்றத்தில் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கியது. அடுத்த நொடியில் இன்னொன்றும் விளங்கியது. அந்தக் காரில் ஒவ்வொரு ஆணியையும் யோசித்து முறுக்கிய நான், இதை மட்டும் யோசிக்கவே இல்லை.

எங்கள் கரையோரத்தில் மேடு என்று ஒன்று கிடையாது. கல்முனையிலிருந்து தம்பிலுவில் வரைக்கும் ரோட்டில் எந்த இடத்தில் ஒரு போளையை, கோலிக்குண்டை, வைத்தாலும் அது வைத்த இடத்திலேயே கிடக்கும். மேடு வேண்டுமென்றால் பாலத்துக்குத்தான் போகவேண்டும். பரிசோதகர் அதனால்தான் அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

கார் ஒரு சாண் பின்னுக்கு வந்தது. மறுபடியும் நின்றது. பின்னால் வந்த பஸ் ஒன்று நீளமாக ஹோர்ன் அடித்தது.

அந்த ஒரு சாணுக்குப் பின்னால் நாலு வருசம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

கொட்டிலுக்குள் கிடந்தது

போன வாரம் இதே பேப்பரில், நெல் ஆலையில் நான் வேலை பழகிய நாட்களை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, கல்முனை டவுனில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் அந்தோனி அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். "என்ன தம்பி, ஆலையில இருந்த எலியப் பத்தி எல்லாம் எழுதியிருக்க. என்னப் பத்தி ஒரு வரி இல்லையே" என்றார். இந்த வாரம் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: எனக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு சரி. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. வயலில் உழுகின்ற இரண்டு சில்லு மெசின்களைத் திருத்துவதுதான் தொழில். பின்னால் நடந்துகொண்டே இரண்டு பிடியையும் பிடித்து ஓட்டுகிற மெசின். நற்பிட்டிமுனையிலிருந்து சம்மாந்துறை வரைக்கும் என் கை படாத மெசின் குறைவு. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

எங்கள் ஊர்களில் வீடு பெண் பிள்ளைக்கு. ஆண் பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். நானும் அப்படித்தான், என் மனைவி ஹபீபாவின் வீட்டில் இருக்கிறேன். நான் பிறந்த வீடு நாலு தெரு தள்ளி. அது ராத்தாவின் வீடு. ராத்தா கலியாணம் முடிக்கவில்லை. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவருடைய இடது கால் சூம்பிவிட்டது. வலது கால் நல்ல பலம். ஒரு கைத்தடியோடு நடப்பார். கணக்கு டீச்சர்.

வாப்பா வாடகைக்கு ஹயர் ஓடிய மொரிஸ் மைனர் கார் அந்த வீட்டு வளவில் தகரக் கொட்டிலுக்குள் கிடந்தது. கலியாண வீடு, ஆஸ்பத்திரி, மையித்து வீடு எல்லாவற்றுக்கும் போய் வந்த கார். வீட்டோடு காரும் மகளுக்குத்தான் என்று வாப்பா சொல்லிவிட்டுத்தான் கண்மூடி மௌத்தானார். ஓட்ட முடியாத மகளுக்குக் காரா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நான் மனதுக்குள் கேட்டேன்.

பிறகு பல வருசம் அதற்குள் கோழி முட்டையிட்டது. பின் ஆசனத்தில் தேங்காய் மட்டை அடுக்கினார்கள். முன் சில்லு இரண்டும் மண்ணுக்குள் புதைந்து, கார் தொழுகையில் சுஜூது செய்வதுபோலத் தலை குனிந்து கிடந்தது.

ஒருநாள் ராத்தாவிடம் போய், "ராத்தா, அந்தக் கார நான் கொஞ்சம் பாக்கட்டா?" என்றேன்.

"பாரு. கோழிக்கு மட்டும் வேற இடம் செஞ்சி குடுத்துட்டுப் பாரு" என்றார்.

மணல்

கார் வேலை தினமும் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, வெள்ளியில் ஜும்ஆவுக்குப் பிறகு. கொட்டிலுக்கு சீமெந்துத் தரை போட்டேன். கூரை வளையிலிருந்து இஞ்சின் தூக்கச் சங்கிலி தொங்கவிட்டேன். கராஜ் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகரம் துருப்பிடித்திருந்தது. அதை வெட்டி எடுத்தேன். உள்ளேயிருந்து மணல் கொட்டியது. வெள்ளைக் கடல் மணல். அதோடு நகமளவில் ஒரு சிப்பி.

கடல் வந்த அன்று எங்கள் வளவில் தண்ணீர் இடுப்பளவுக்கு நின்றுவிட்டுப் போனது. உம்மா போனதும் அன்றுதான். அதை வேறொரு வாரம் எழுதலாம். எழுதாமலும் விடலாம்.

சத்தம் கேட்டு ராத்தா வந்து பார்த்தார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, அந்த மணலை இரண்டு கையாலும் அள்ளித் தேங்காய்ச் சிரட்டையில் போட்டார். கொண்டுபோய் வளவு மணலோடு கொட்டினார். நான் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தேன். அன்று வேறு வேலை செய்யவில்லை.

துருப்பிடித்த இடமெல்லாம் வெட்டி, புதுத் தகரம் வைத்து ஒட்டினேன். ஒட்டின இடத்தைக் கையால் தடவினால் தெரியக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பேன். தெரிந்தால் மறுபடி உரைப்பேன்.

பழைய இஞ்சின் இறுகிப்போய்விட்டது. உடைத்துப் போட்டிருந்த சின்ன ஜப்பான் வேன் ஒன்றின் இஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் கொண்டுவந்தேன். அது இந்தக் காருக்குள் இருக்க மறுத்தது. அந்தோனி அண்ணன் இஞ்சின் தாங்கிகளை மூன்று தரம் கடைந்து தந்தார். மூன்றாம் தரம் இஞ்சின் இறங்கி உட்கார்ந்தபோது அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். இஞ்சின் மாற்றியதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவதற்குப் போன இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. ராத்தாதான் வந்து கதைத்தார்.

டாஷ்போர்டில், இஞ்சினை எடுக்க இழுக்கும் பழைய சோக் குமிழ் இருந்த ஓட்டை, பல் விழுந்த வாய் மாதிரித் தெரிந்தது. புது இஞ்சினுக்கு அது தேவையில்லை. ஆனாலும் அதே குமிழை மினுக்கி அந்த இடத்தில் வைத்து, அதன் வயரை எக்சிலேட்டரோடு கட்டிவிட்டேன். இழுத்துத் திருப்பினால், கால் வைக்காமலே இஞ்சின் வேகம் கூடி அப்படியே நிற்கும்.

"இது எதுக்கு?" என்று ராத்தா கேட்டார்.

"இழுத்தா கால் வைக்காமலே வேகம் கூடும் ராத்தா. சும்மா. அழகுக்கு."

குசினி ஜன்னல்

ராத்தாவின் சமையல் குசினி ஜன்னல் கொட்டிலைப் பார்த்திருக்கும். வேலை செய்யும்போது அங்கேயிருந்து ஏதாவது கேள்வி வரும்.

"அந்த சீட் எவ்வளவு முன்னுக்கு வரும்?"

"தேவையான அளவுக்கு வரும் ராத்தா."

இன்னொரு நாள்: "கதவு முழுசாத் திறக்குமா? தடியோட ஏறலாமா?"

"ஓம், ஏறலாம்."

நிறம் பூசும் நாள் வந்தது. பழையபடி சாம்பல் நிறம் பூசத்தான் நினைத்திருந்தேன். ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "சாம்பல் பூசினா மாரி மழையில ரோட்டில ஒருத்தருக்கும் தெரியாது."

அது சரியென்று பட்டது. வளவு வாழையில் விரியாத குருத்து இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனேன். "இந்த நிறம்" என்று அதைக் காட்டினேன். கடைக்காரர் என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கலக்கித் தந்தார்.

அந்தக் கேள்விகள் எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு வேறு எண்ணம் இருந்தது. வேலை முடிந்ததும் ராத்தாவிடம் காரைக் கேட்பேன். இல்லை என்று சொல்லமாட்டார். பெருநாள் அன்று ஹபீபாவை ஏற்றிக்கொண்டு கடற்கரை ரோட்டில் மெதுவாகப் போவேன். ஆட்கள் பார்ப்பார்கள். நான் யாரையும் பார்க்காத மாதிரிப் போவேன்.

வீட்டில் ஹபீபா அந்தக் காருக்கு 'மூத்த பொஞ்சாதி' என்று பெயர் வைத்திருந்தா. "மூத்தவட்ட போய்ட்டு வாறீங்களா? சோறு அங்கயா, இஞ்சயா?" என்பா. கலியாணம் முடித்துப் போன ஆண், பிறந்த வீட்டிலேயே கிடந்தால் எங்கள் ஊரில் இப்படிக் கேட்கத்தான் செய்வார்கள்.

எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று மிஞ்சியது. சாரதிப் பக்கக் கதவில் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடி. இஞ்சினை எடுத்தால் கடகடவென்று ஆடும். புது ரப்பர் வைத்தும் நிற்கவில்லை.

கடிதம்

முதலாம் தவணை தொடங்கிய கிழமை. ராத்தா, கல்வி அலுவலக விலாசம் எழுதிய ஒரு கடித உறையைக் கொண்டுவந்து தந்தார்.

"தம்பி, டவுனுக்குப் போனா இதக் கல்விக் கந்தோரில குடுத்துடு."

"என்ன ராத்தா இது?"

"பென்சன்ல போறன் எண்டு எழுதின."

"இன்னும் நாலு வருசம் இரிக்கே."

"கால்கிட்டச் சொல்லிப் பாரு, நாலு வருசம் இரிக்கி எண்டு."

அவர் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் சம்மாந்துறைக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவில். பஸ் சந்தியில் இறக்கிவிடும். அங்கிருந்து ஒரு மைல் கிறவல் ரோடு. பதினாலு வருசமாக ஒரே ஆட்டோக்காரர் தினமும் வீட்டிலிருந்தே ஏற்றி இறக்கினார். அவர் இந்தத் தவணையோடு கட்டாருக்குப் போகிறார். அவ்வளவு தூரம் இரண்டு நேரமும் வர வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று சில்லு ஸ்கூட்டர் ஒன்றை ராத்தா முன்பு ஓட்டிப் பார்த்திருக்கிறார். மாவடிப்பள்ளித் தாம்போதி என்ற பள்ளமான இடத்தில் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடின நாளில் அது சரிந்து, கையை முறித்துக்கொண்டார். கிளச்சே இல்லாத ஓட்டோ கியர் கார் வாங்குவது இந்தக் காலத்தில் எங்களால் நினைத்தும் பார்க்க முடியாது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்க வேறு ஆள் இல்லை. அதை ராத்தா சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

உறையை வாங்கிச் சேர்ட் பையில் வைத்தேன். கொட்டிலுக்குப் போய்க் காருக்குள் இருந்தேன். கிளச்சை மிதித்தேன். விட்டேன். மறுபடி மிதித்தேன். இடது கால். இந்தக் காரை ஓட்ட ராத்தாவுக்கு இல்லாதது இந்த ஒரு மிதி மட்டும்தான்.

சீட் எவ்வளவு முன்னுக்கு வரும். கதவு முழுசாத் திறக்குமா. மழையில் ரோட்டில் தெரியாது. நாலு வருசமாக ஜன்னலிலிருந்து கேட்டதெல்லாம் அப்போதுதான் எனக்குக் கேட்டது.

உறையை எடுத்து டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

நாலு நாள் கழித்து ராத்தா கேட்டார். "குடுத்த நீயா?"

"இல்ல. காருக்குள்ள வெச்சிரிக்கன்."

"காருக்குள்ளயா? கார் கொண்டு போய்க் குடுக்குமா?"

"கிளச்சக் கைக்கு மாத்தித் தாறன் ராத்தா. நீங்க ஓட்டுங்க."

ராத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் விடை சொன்ன பிள்ளையைப் பார்ப்பது போல. பிறகு சொன்னார்: "ரெண்டாம் தவணை தொடங்கிறதுக்குள்ள என்ட கையில லைசன்ஸ் இரிக்கணும். இல்லாட்டி நீயே அதக் கொண்டு குடுக்கணும். சரியா?"

"சரி."

ஹபீபாவிடம் சொன்னேன். முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தா.

"அப்ப பெருநாளைக்கு நாம?"

"மோட்டார் சைக்கிள் இரிக்கே."

"நல்லந்தான். மூத்தவ போய்த் தொலைஞ்சா எனக்கு நிம்மதி" என்றா. அன்று சோற்றுக்கு என் தட்டில் மட்டும் இரண்டு முட்டை இருந்தது.

மலக்குமாரா பிடிக்கிற?

வேலை லேசு என்றுதான் நினைத்தேன். ஜப்பான் கியர்ப் பெட்டிக்குக் கிளச் ஒரு வயரில் இழுபடும். அந்த வயரை மிதியிலிருந்து கழற்றிக் கைப்பிடி ஒன்றில் மாட்டினால் முடிந்தது. பழைய உழவு மெசின் ஒன்றின் கிளச் பிடி என்னிடம் கிடந்தது. அதை எடுத்து, இடம் தாராளமாக இருந்த வலது பக்கத்தில், கதவோரமாகப் பூட்டினேன். மூன்று நாள் வேலை. பிடியை இழுத்தால் பட்டுப் போல வந்தது. அந்தோனி அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ராத்தா ஏறி உட்கார்ந்தார். இஞ்சின் போடவில்லை.

"வலது கையால இத இழுத்துப் பிடிங்க ராத்தா."

"பிடிச்சன்."

"இடது கையால கியரப் போடுங்க."

"போட்டன்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப ஸ்டியரிங்க ஆரு பிடிக்கிற? மலக்குமாரா?"

வானவர்களான மலக்குமார் இறங்கி வந்து பிடித்தால்தான் உண்டு. அந்தோனி அண்ணன் காரின் பொனட்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"தம்பி, இது வயல் இல்லடாப்பா. ரோட்டில நிப்பாட்டி நிப்பாட்டிக் கியர் மாத்தினா, பின்னால வாற பஸ்காரன் வந்து உன்னக் கட்டிப்பிடிப்பான்."

அவர் சொன்னது சரி. உழவு மெசினில் கிளச்சைப் பிடித்தால் மெசின் நின்றுவிடும். நின்ற பிறகுதான் கியர் மாற்றுவோம். முப்பது வருசம் அப்படியே பழகிய என் கைக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் மாற்றவேண்டும், அப்போதும் ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கவேண்டும் என்பது தோன்றவே இல்லை. எனக்கும் கார் ஓட்டத் தெரியும். ஆனால் அதைச் செய்யும்போது நான் கார்க்காரனாக இருக்கவில்லை. மெசின்காரனாக இருந்தேன்.

ராத்தா கைத்தடியை வாங்கி, அதன் நுனியால் தரைத் தூசியில் மூன்று கோடு கீறினார். "வலது கை ஸ்டியரிங்க விடப்படாது. மிச்சம் இடது கை மட்டும். ஒரு கை ஒரு நேரத்தில ஒரு வேலதான் செய்யும். முதல்ல கிளச்ச இழுக்கும். ரெண்டாவது கியரப் போடும். மூண்டாவது கிளச்ச விடும். ஆனா ரெண்டாவது வேல நடக்கக்குள்ள, முதல் வேல அந்த இடத்திலயே நிக்கணும். நிக்குமா?"

"நிக்கும்" என்றேன்.

அது எனக்குத் தெரிந்த விசயம். உழவு மெசினின் கிளச் பிடியை இழுத்து விட்டால், பல்லில் மாட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். அந்தப் பல்லையும் கழற்றி வந்தேன். தேய்ந்திருந்தது. அந்தோனி அண்ணன் கெட்டி இரும்பில் புதிதாக ஒன்று வெட்டித் தந்தார். கூலி பேசவில்லை. "என்ட பேரையும் பேப்பரில போடு" என்றார், போட்டுவிட்டேன்.

பிடியை இடது பக்கத்தில் கியர்த் தடிக்குப் பக்கத்திலேயே பூட்டினேன். பின்னுக்கு இழுத்தால் மாட்டும். பெருவிரலால் மேலே உள்ள குமிழை அமத்தினால் விடுபடும். விடும்போது மெதுவாக விடவேண்டும். பிடியின் பாரத்தைத் தாங்க ஒரு சுருள் கம்பியும் வைத்தேன்.

ஆலையில் நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தில், வேலை ஓய்ந்த பின்னேரங்களில் பழகினோம். முதல் நாள் கார் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. காகமெல்லாம் எழும்பிப் பறந்தன. இரண்டாம் நாளிலிருந்து ராத்தா வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" என்று எண்ணி நாலில் கையை முழுதாக விடுவார். ஒரு கிழமையில் எண்ணுவது நின்றது. கார் தண்ணீரில் விட்ட தோணி போலப் புறப்பட்டது. நான் பக்கத்து ஆசனத்தில் இருந்தேன். அந்தக் காரில் நான் பிரயாணியாக இருந்த முதல் நாட்கள் அவை.

தளம் மட்டமான தளம். ரோடு மட்டமான ரோடு. அதற்கப்பால் நான் யோசிக்கவில்லை.

ஒரு சாண்

கைக் கிளச் மாற்றத்தை வாகனப் பதிவு அலுவலகம் ஏற்றுக்கொண்ட கடிதம் முதலில் வந்தது. ஓட்டப் பரிசோதனைக்குக் கிடைத்த நாள், இரண்டாம் தவணை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு. அன்று தவறினால் இன்னொரு திகதி எடுக்க மாதக்கணக்காகும். அதாவது உறை கந்தோருக்குப் போகும்.

பரிசோதகர் ஏறுவதற்கு முன் காரைச் சுற்றி வந்தார். பிடியை இழுத்தார், விட்டார். "இத ஆர் செஞ்ச?"

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"என்ட தம்பி சேர்" என்றார் ராத்தா. "கதைக்க மாட்டான். செய்வான்."

பரிசோதகர் ஏறினார். கார் பாலத்துப் பக்கம் போனது.

அங்கேதான் தொடங்கினேன். ஏற்றத்தில் கார் நிற்கிறது. வலது கால் பிரேக்கில். அந்தக் காலை எடுத்து எக்சிலேட்டருக்குக் கொண்டுபோவதற்குள் கார் பின்னுக்கு உருளும். மற்றவர்கள் கைப் பிரேக்கைப் பிடித்துச் சமாளிப்பார்கள். ராத்தாவின் இடது கை கிளச் பிடியில் இருக்கிறது. பல்லில் மாட்டி வைத்தாலும், இரண்டையும் ஒரே நேரத்தில் மெதுவாக விட இன்னொரு இடது கை வேண்டும். நான் அதைச் செய்துகொடுக்கவில்லை.

ஒரு சாண் உருண்டு மறுபடியும் நின்றது. பஸ் ஹோர்ன் அடித்தது. ஓடிப்போய்ப் பின்னால் கல் வைக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது இஞ்சின் சத்தம் ஏறியது.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கால் பிரேக்கில் இருக்கும்போது இஞ்சின் எப்படி வேகம் எடுக்கும்? ஒரு கணம் எனக்கே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. குமிழ். அழகுக்கு வைத்த குமிழ். நிற்கும் காரில் வலது கைக்கு ஸ்டியரிங் வேலை இல்லை. அந்தக் கையால் அதை இழுத்துத் திருப்பிவிட்டிருக்கிறார்.

நான் என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன். ஒண்டு. ரெண்டு. காரின் மூக்கு லேசாக மேலே எழும்பியது. கிளச் பிடித்துவிட்டது. மூண்டு. சிவப்பு விளக்கு இரண்டும் அணைந்தன.

கார் ஏறியது. பின்னுக்கு ஒரு விரலளவும் வரவில்லை. பாலத்தின் உச்சிக்குப் போய், அந்தப் பக்கம் இறங்கிக் கண்ணுக்கு மறைந்தது. நான் பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கன்னத்தில் ஈரமாக இருந்தது. வியர்வை என்று வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்து இறங்கிய பரிசோதகர் தாளில் எழுதிக்கொண்டே சொன்னார்: "டீச்சர், முதல்ல ஒருக்கா பின்னுக்கு வந்தீங்க. அது பிழை. ரெண்டாம் தரம் எடுத்த எடுப்பு இரிக்கே, நான் ஒருத்தரையும் அப்படி எடுக்கச் சொல்லிக் கேட்டதில்ல. பாஸ்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தப் பல்லுக்குக் கிறீஸ் பூசி வைங்க. காஞ்சி போகப்படாது."

"சரி சேர்" என்றேன். அது மட்டும் வாயில் வந்துவிட்டது.

"ராத்தா, எப்படித் தெரிஞ்ச?" என்று காருக்குள் கேட்டேன்.

"நீதானே சொன்ன, இழுத்தா கால் வைக்காமலே வேகம் கூடும் எண்டு. அழகுக்கு எண்டு சொன்னதத்தான் நான் நம்பல்ல. நீ அழகுக்கு ஒண்டும் செய்ய மாட்டாய்."

உண்மையில் அது அழகுக்குத்தான்.

திறந்த படலை

தவணை தொடங்கிய நாள். சுபஹ் தொழுதுவிட்டு நேரே ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். வாசல் படலையைத் திறந்துவிட்டேன். வாழைக் குருத்துப் பச்சையில் பனி முத்து முத்தாக நின்றது. ராத்தா தடியைப் பின் ஆசனத்தில் வைத்துவிட்டு ஏறி, பிஸ்மி சொல்லி இஞ்சினை எடுத்தார்.

முக்கோணக் கண்ணாடி கடகடவென்று ஆடியது.

"இத மட்டும் உன்னால நிப்பாட்ட ஏலாமப் போச்சே" என்றார்.

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்தார். கல்விக் கந்தோருக்கு எழுதிய உறையை எடுத்தார். நாலாக மடித்தார். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துப் பெருவிரலால் அமத்தினார்.

சத்தம் நின்றது.

"சரி, நான் போய்ட்டு வாறன்."

கார் படலையைத் தாண்டியது. நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்ல தூரம் விட்டுப் பின்னால் போனேன். கண்ணாடியில் என்னைக் கண்டிருப்பார். காட்டிக்கொள்ளவில்லை. காரைதீவுச் சந்தியில் வலது பக்க விளக்கு மின்னி மின்னி எரிந்தது. இடது கை கீழே போவது தெரிந்தது. கார் வேகம் குறைந்து, கியர் மாறி, வயல் ரோட்டுக்குத் திரும்பியது. துள்ளவில்லை. இரண்டு பக்கமும் நாற்று நட்ட மாதிரி இளம் பயிர். அந்தப் பச்சைக்குள் இந்தப் பச்சை சின்னதாகிச் சின்னதாகிப் போனது.

சந்தித் தேநீர்க் கடையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். கடைக்காரரும் வெளியே வந்து அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைத் தெரியாது.

"பழைய மொரிஸ் மைனர். பொம்புளப் புள்ள என்ன மாதிரி ஓட்டுது பாருங்க. ஆர் செஞ்ச காரோ தெரியா" என்றார்.

வழக்கமாக நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்திருப்பேன்.

"நான்தான் செஞ்ச" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.